வெள்ளிக்கிழமைகளில் காணாக்கடி இல்லை

என் மனைவிக்குக் காணாக்கடி வந்த புதிதில் நான் வீட்டிலிருந்த ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டேன். மாற்றி வாங்கிய சலவைத்தூள், தலையணை, முதல் நாள் சாப்பிட்ட இறால் சம்பால், பக்கத்து வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் வளர்க்கும் பூச்செடி, அவள் வேலை பார்க்கும் சேலைக்கடையில் புதுச்சேலையைப் பிரிக்கும்போது கிளம்பும் தூசி. கடித்தது எது என்று கண்ணில் படாததால்தான் நம் ஆட்கள் இதற்குக் காணாக்கடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. கண்ணில் படாமல் கடிக்கிற ஒன்றை வீட்டில் விட்டுவிட்டு ஒரு மனிதன் எப்படி நிம்மதியாக வேலைக்குப் போவான்?

நான் மின்தூக்கி பராமரிப்பில் இருக்கிறேன். வீடு புக்கிட் பாத்தோக்கில், வேலை பெரும்பாலும் குவீன்ஸ்டவுன் பக்கத்துப் பழைய அடுக்குமாடிகளில். மின்தூக்கி நின்றுபோனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கதவிடுக்கில் சிக்கிய ஐஸ்கிரீம் குச்சி, எலி கடித்த வயர், தேய்ந்துபோன பிரேக், ஏதோ ஒன்று. காரணமே இல்லாமல் நின்ற மின்தூக்கியை நான் பார்த்ததில்லை. அதனால் பலதுறை மருந்தகத்து டாக்டர், இது நாள்பட்ட வகை, பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கடைசிவரை தெரியாமலே போகும் என்று சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சரியாகத் தேடியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

தடிப்பு முதலில் கொசுக்கடி அளவில் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமாகி ஓரம் சிவந்துவிடும், தொட்டால் சுடும். காலையில் தொடையில் இருந்தது மதியத்துக்குள் மறைந்து முதுகில் கிளம்பும். கடையில் வாடிக்கையாளர் முன்னால் சொறிய முடியாமல், சேலை அளக்கும் கோலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் முதுகைத் தேய்த்துவிட்டு வருவாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. கடைக்குப் போன மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

என் மனைவி எதையும் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. மகள் பிறந்த அன்று வலி எடுத்த பிறகும், துவைத்த துணியை எல்லாம் மூங்கில் கழியில் கோத்து சன்னலுக்கு வெளியே நீட்டி வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது. என் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். காணாக்கடி வந்த பிறகு அதே குணம்தான் என்னைப் பயமுறுத்தியது.

அதற்குக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். மேலுதடு ஒரு பக்கம் மட்டும் வீங்கி, முகமே கோணிப்போயிருந்தது.

"கோப்பி சூடு பட்டிருக்கும்," என்றாள்.

கோப்பி ஆறிப்போயிருந்தது. சாயங்காலத்துக்குள் வீக்கம் தானாக வடிந்துவிட்டது. ஆனால் மறுநாள் மருந்தகத்தில் டாக்டர் சொன்னது என் காதைவிட்டுப் போகவே இல்லை. உதடு வீங்கினால் பெரும்பாலும் தானே சரியாகும், ஆனால் நாக்கு வீங்கினாலோ மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும் என்றார். தோல் மருத்துவரைப் பார்க்கவும் எழுதிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். அவளுக்கு நாக்கு வீங்கினால் என்னிடம் சொல்வாளா, மாட்டாளா? மின்தூக்கிக் குழிக்குள் இறங்கினால் கைப்பேசிக்குச் சிக்னல் இருக்காது. மேலே ஏறி வந்ததும் எண்ணெய்க் கையோடு முதலில் போனைத்தான் எடுப்பேன். அழைப்பு எதுவும் வந்திருக்காது. வராததே எனக்குப் பயமாக இருக்கும். நானே கூப்பிட்டால், "ஒண்ணுமில்லங்க, கடையில ஆளு நிக்குது," என்று வைத்துவிடுவாள்.

என் படபடப்பைப் பார்க்கச் சகிக்காமல்தான் மகள் அந்தச் செயலியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். அவள் கல்யாணமாகி உட்லண்ட்சில் இருக்கிறாள். வாரக் கடைசியில் வருவாள்.

"ப்பா, இதுல டெய்லி போடணும். அரிப்பு எவ்ளோ, தடிப்பு எவ்ளோ, உதடு வீங்குச்சா. ஸ்பெஷலிஸ்ட்டப் பாக்குறப்ப அப்படியே காட்டிடலாம் லா. நீங்க சும்மா சும்மா டென்ஷன் ஆக வேணாம்."

"அம்மா போன்ல போட்டுக் குடு," என்றேன்.

"என் போன்ல எதுக்கு?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "தடிச்சதையும் வீங்கினதையும் நானே படம் புடிச்சு நானே பாத்துக்கிட்டு இருக்கணுமா? உங்க அப்பாதான் எழுதிவைக்கிறதுல கெட்டிக்காரரு. அவர் போன்லயே போடு."

அப்படியாக அவள் நோய் என் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் சந்தோஷம்தான். வேலையில் ஒவ்வொரு பழுதையும் நாள், இடம், காரணம் என்று குறித்துவைத்துப் பழகியவன் நான். அரிப்புக்கு நான்கு வட்டம், தடிப்புக்கு நான்கு வட்டம். இல்லை, கொஞ்சம், நிறைய, தாங்க முடியவில்லை. தினமும் இரண்டையும் தொட்டுவிட்டால் மாத நாள்காட்டியில் அந்த நாள் பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, அவள் சாமி மாடத்தில் விளக்கு ஏற்றி முடித்ததும் நான் போனோடு உட்கார்ந்துவிடுவேன்.

"அரிப்பு எப்படி?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா கொஞ்சமா, நிறையவா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுல வட்டம் கிடையாதும்மா."

"அப்ப உங்க ஆப்புக்கு எது புடிக்குதோ அதைப் போடுங்க. லிப்டுக்கு சர்வீஸ் பண்றாப்ல பண்றீங்க."

கிண்டல் செய்தாலும் பதில் சொல்லுவாள். நான் கேட்காமல் அவள் சொல்ல மாட்டாள். கேட்டால் சொல்கிறாள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆறுதல் பகலில் தாங்காது. ரயிலில் உட்கார்ந்ததும் நாள்காட்டியைத் திறந்து பார்ப்பேன். சிவப்பாக இருக்கும் நாளைத் தொட்டு, அன்று என்ன சாப்பிட்டோம், மழை பெய்ததா, கடையில் சரக்கு வந்ததா என்று யோசிப்பேன். பதிவு செய்ய மறந்துவிடாதீர்கள் என்று செயலி மணியடிக்கும்போதெல்லாம் எனக்குத் திக்கென்று இருக்கும். நினைவூட்டல்தான் என்று தெரிந்தும் அப்படித்தான் இருக்கும்.

அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் ஒரு நாள் என் கண்ணில் அது பட்டது. நாள்காட்டியில் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்த கட்டங்களுக்கு நடுவே, மேலிருந்து கீழாக ஒரு வரிசை மட்டும் பச்சை. வெள்ளிக்கிழமை. முந்தைய மாதத்தைத் திறந்து பார்த்தேன். அதிலும் வெள்ளிக்கிழமை மட்டும் பச்சை. நான் இறங்க வேண்டிய நிலையத்தை ரயில் தாண்டிப் போய்விட்டது. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

தோல் மருத்துவர் இளம் வயதுச் சீனப் பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். நாங்கள் உட்கார்ந்ததும் உட்காராததுமாக நான் போனை அவர் முன்னால் நீட்டினேன். அவர் மாதங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். இந்த வகைக்கு உணவு காரணமாவது அபூர்வம், ஆனால் இவ்வளவு ஒழுங்காக ஒரே கிழமையில் விட்டுப்போவதையும் நான் பார்த்ததில்லை, வெள்ளிக்கிழமை அப்படி என்ன வித்தியாசமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"அன்றைக்கு நாங்கள் சைவம்," என்று மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

வேண்டுமானால் சில வாரம் மீனும் முட்டையும் இல்லாமல் இருந்து பாருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டர். மாத்திரைக்கு அடங்காவிட்டால் மாதாமாதம் போடுகிற ஊசி ஒன்று இருக்கிறது, ஆனால் செயலி கூட்டிக் காட்டும் வார மதிப்பெண் அந்த அளவுக்கு மோசமாக இல்லை, கொஞ்சம் பொறுக்கலாம் என்றும் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மனைவி தன் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் மீன் இல்லை. மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவள், இப்போது என் பின்னால் காய்கறிப் பக்கமாகவே நடந்தாள்.

"மீன் தின்னு எனக்கு ஒண்ணும் ஆகலைங்க," என்றாள் ஒரு தடவை.

"நாள்காட்டி அப்படிச் சொல்லல," என்றேன்.

அவள் முருங்கைக்காயைப் பொறுக்கப் போய்விட்டாள்.

ஆனால் மீனை நிறுத்தியும் செவ்வாய் சிவந்தது, புதன் சிவந்தது. வெள்ளி மட்டும் பச்சை. அப்படியானால் சைவம் மட்டும் காரணம் இல்லை, வெள்ளிக்கிழமையில் வேறு ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாள். ஆகவே மற்ற நாளும் எண்ணெய். அன்று மஞ்சள் பூசுவாள். ஆகவே தினமும் மஞ்சள். அன்று விடியுமுன் எழுவாள். ஆகவே தினமும் நான் அலாரம் வைத்தேன். மகள் ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, மண்டே அதுவுமா அம்மா எண்ணெய் வழிய நிக்கிறாங்க," என்று சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். வாரம் முழுவதையும் நான் வெள்ளிக்கிழமை ஆக்கிவிட்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் காணாக்கடி வரவில்லை.

இதில் ஒரு நல்லது இருந்ததாக அப்போது நினைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பயம் இல்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, குழிக்குள் இறங்கி, பாட்டைக்கூட முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். வாரத்தில் அந்த ஒரு நாள் நான் பழைய ஆளாக இருந்தேன்.

அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து நேராக அவள் கடை இருக்கும் சிராங்கூன் சாலைக்குப் போனேன். வெள்ளிதோறும் கடை முடிந்ததும் நாங்கள் இருவரும் பக்கத்துக் கோயிலுக்குப் போவது வழக்கம். கடை வாசலிலேயே அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தூசி போலிருக்கிறது என்று நினைத்தேன். கோயிலிலும் எடுக்கவில்லை. சாம்பிராணிப் புகை என்று நினைத்தேன். பிரசாதமாகக் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைக் கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடேன், சூடா இருக்கு," என்றேன்.

"வீட்டுக்குப் போயி," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற குரல் அது. நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். கோயிலில் நாலு பேர் பார்க்க அப்படிச் செய்வேன் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கீழுதடு தொங்கியது. "நாக்கை நீட்டு," என்றேன். ஓரம் தடித்து, பற்களின் தடம் பதிந்து தெரிந்தது.

செருப்பைத் தேடியது நினைவில்லை. ஆம்புலன்சுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வாசலில் நின்ற டாக்சியில் ஏறி, அவள் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். மூச்சு விட முடிகிறதா, மூச்சு விட முடிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை என்னால் நம்ப முடியவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவசரப் பிரிவில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஊசி போட்டார்கள், கையில் மருந்து ஏற்றினார்கள், விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள். அதில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சு தெளிந்தது. எப்போது ஆரம்பித்தது என்று தாதி கேட்டார். இவள் "மார்னிங்" என்றாள்.

தாதி போகும்வரை பொறுத்திருந்தேன்.

"காலையிலயா?"

"விளக்கு ஏத்துறப்பவே உதடு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

"நான் வீட்லதானே இருந்தேன். ஏன் சொல்லல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"வெள்ளிக்கிழமைங்க," என்றாள்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கத் தொடங்கியது.

"போன வெள்ளிக்கிழமை?"

"இருந்துச்சு."

"அதுக்கு முந்தின வெள்ளி?"

"எல்லா வெள்ளியும் இருந்துச்சு. மத்த நாள் எப்படியோ அப்படித்தான். நல்ல நாளும் அதுவுமா, குத்துவிளக்கு எரியுறப்ப, வியாதி இருக்கு இருக்குன்னு வாயால சொன்னா அது வீட்லயே தங்கிடாதா? நீங்க கேக்குறதே அந்த நேரத்துலதான். அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிடுவேன்."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. அவள் மீனைப் பறித்தேன், திங்கட்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டேன், டாக்டர் முன்னால் பச்சை வரிசையைக் காட்டிப் பெருமைப்பட்டேன். அதெல்லாம் போகட்டும். நான் பயமில்லாமல் இருந்த அந்த ஒரு நாளில்தான் அவளைத் தனியாக விட்டிருக்கிறேன். குழிக்குள் பாட்டு முணுமுணுத்தபோது அவள் கடையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பாள். "உன்னை என்னதான் பண்றது," என்று சத்தம் போட்டேன். அடுத்த கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் அவளை எப்படித் திட்டுவது? எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று யாரும் சொல்ல மாட்டோம். குளிர வை என்போம். அரிசி தீர்ந்துவிட்டது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, அரிசி வாங்கணும் என்பாள். வேலைக்குக் கிளம்பும்போது நான் போகிறேன் என்று சொன்னதில்லை, போயிட்டு வரேன் என்பேன். என் அம்மா அப்படி, அவள் அம்மா அப்படி. யோசித்துப் பார்த்தால், மற்ற நாளெல்லாம் "அரிப்பு எப்படி?" என்று கேட்கிற நான், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் "இன்னிக்கு நல்லாத்தானே இருக்கே?" என்றுதான் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அவள் வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? செயலியைச் செய்தவர்கள் இப்படி ஒரு வீடு உண்டு என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விஷயத்தைக் கேட்ட மகள் மருத்துவமனைக்கு ஓடி வந்து முதலில் அழுதாள், பிறகு அம்மாவைத் திட்டினாள், பிறகு ஒரு யோசனை சொன்னாள்.

"வாயால சொல்ல வேணாம்மா. அப்பா போனை உங்க முன்னால வைப்பாரு. நீங்களே வட்டத்தைத் தொட்டுடுங்க. விரலால தொட்டா அது சொன்னதா ஆவாதுல்ல?"

என் மனைவி இதை வெகுநேரம் யோசித்தாள். "விரலால தொடறது பரவால்ல," என்றாள் கடைசியில். "ஆனா விளக்குக்கு முன்னால வேணாம். அடுப்படியில வச்சுத் தொடறேன்."

தோல் மருத்துவரிடம் அடுத்த முறை நடந்ததைச் சொன்னபோது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. தன் பாட்டியும் சீனப் புத்தாண்டன்று மாத்திரை விழுங்க மாட்டார், வருடம் முழுவதும் நோயாளியாக இருக்க நேரும் என்பார் என்றார். பிறகு பழைய மாதங்களைத் தள்ளிவைத்துவிட்டு, மறைக்காமல் பதிந்த வாரங்களை மட்டும் பார்த்தார். பச்சை வரிசை இல்லை. பார்க்கவே சங்கடமான நாள்காட்டி அது. ஆனால் டாக்டருக்கு அதுதான் வேண்டியிருந்தது. இதை முன்பே பார்த்திருந்தால் முன்பே ஊசியைத் தொடங்கியிருப்பேன் என்றார். மீன் சாப்பிடலாம் என்றார். வீட்டுக்குப் போகிற வழியிலேயே இவள் தேக்காவில் இறங்கி வஞ்சிரம் வாங்கினாள்.

முதல் ஊசி போட்டாயிற்று. அது வேலை செய்ய நாள் பிடிக்கலாம், அதுவரை கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். உதடு மட்டும் வீங்கினால் எந்த மாத்திரை போட வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும், எப்போது ஆம்புலன்ஸ் என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் அவள் அடுப்படியில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல், ஆட்காட்டி விரலால் வட்டத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். எனக்கு அது போதவில்லை. விரல் தொடுவது சாயங்காலம். காலையில் வீங்கினால் சாயங்காலம்வரை பொறுத்திருப்பாளா? கேட்டால், "அதெல்லாம் சொல்லிடுவேங்க," என்பாள். எப்படிச் சொல்வாள் என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு மதிய வேலை. காலையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். அவள் குளித்து, கோலம் போட்டு, குத்துவிளக்கை ஏற்றியிருந்தாள். அடுத்து மணிச்சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கின் முன்னாலேயே என்னைத் திரும்பிப் பார்த்து நின்றாள்.

"என்னங்க," என்றாள். "உதடு வீங்குது. எனக்குப் பயமா இருக்கு."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. தட்டை வாங்கிக் கீழே வைத்தேன். மாத்திரையைக் கொடுத்தேன். நிமிர்ந்து உட்காரவைத்து, ஆம்புலன்ஸ் எண்ணைப் போனில் அழுத்தித் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாக்கு?"

"சரியாத்தான் இருக்கு. உதடு மட்டும் தடிக்குது. இந்தப் பக்கம்."

"மூச்சு?"

"நல்லா வருது. தொண்டையில ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கு. நாக்கு சரியா இருக்கு," என்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கேட்காமலே அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல எனக்குப் பயம் குறையவில்லை. ஆனால் தனியாகப் பயந்துகொண்டிருக்கவில்லை.

"நீங்க எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள் திடீரென்று.

"என்னத்தை?"

"பயமா இருக்குன்னு. தினமும் போனைத் தூக்கிட்டு வந்து உக்காருவீங்க. அரிப்பு எவ்ளோ, தடிப்பு எவ்ளோன்னு கேப்பீங்க. இதை ஒரு நாளும் சொன்னதில்ல."

எதிரே குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீ போயிடுவியோன்னு பயமா இருக்கும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. வேறு எந்த வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் பாய்ந்து என் வாயைப் பொத்தியிருப்பாள். அன்று பொத்தவில்லை. என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, "மூச்சு நல்லா வருதுங்க, பாருங்க," என்றாள்.